பாய்லரை எழுப்பியது யார்?

கம்ப்யூட்டரை ஸ்லீப் நிலையில் வைத்துவிட்டுப் படுக்கச் செல்கிறீர்கள். நள்ளிரவில் எழுந்து பார்த்தால் மானிட்டர் ஒளிர்கிறது. உள்ளே ஃபேன் சுற்றுகிறது. யார் இதனை எழுப்பியது? விண்டோஸ் பயன்படுத்துபவர்களுக்கு இதனை அறிய ஒரு வழி உண்டு. கமாண்ட் பிராம்ப்ட் விண்டோவைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையை டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஹைபனுடன் லாஸ்ட்வேக் எனச் சேர்த்து என்டர் தட்டவும். கடைசியாகக் கம்ப்யூட்டரை எழுப்பியது நெட்வொர்க் கார்டா, மவுஸா, பவர் பட்டனா எனத் தெரிய வரும். ஈவென்ட் வியூவரிலும் இது பதிவாகி இருக்கும். சில வேளைகளில் "தெரியவில்லை" என்ற பதிலும் வரலாம். ஆனாலும் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் தானாக விழித்தால் நமக்கு நட்டம் கொஞ்சம் மின்சாரம்தான். வீட்டிற்குள் எரிவாயுவைக் கொளுத்தும் ஒரு கருவி தானாக விழித்தால்? அதனிடம் "உன்னை யார் எழுப்பியது?" என்று கேட்க என்ன வழி இருக்கிறது? பெரும்பாலும் எந்த வழியும் இல்லை. இது சரியல்ல என்பதே என் கருத்து. அதனைத்தான் இங்கு எழுத விரும்புகிறேன்.

எந்த பாய்லர்?

பாய்லர் என்றவுடன் நம் ஊர் வாசகர்களுக்குக் குளியலறையும் வெந்நீரும் நினைவுக்கு வரும். நான் வசிக்கும் இங்கிலாந்தில் பாய்லர் என்பது வீட்டையே சூடாக்கும் கருவி. பெரும்பாலான வீடுகளில் இது எரிவாயுவில் இயங்குகிறது. பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும். பம்ப் அதனைக் குழாய் வழியே ஒவ்வொரு அறையிலும் உள்ள ரேடியேட்டருக்கு அனுப்பும். அறை போதுமான அளவு சூடானதும் சுவரில் உள்ள தெர்மோஸ்டாட் "போதும்" என்று சொல்ல, பாய்லர் அணையும்.

முன்பு இந்தத் தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச். குளிர்ந்தால் இணையும், சூடானால் விலகும். இப்போது அது ஒரு சிறிய கம்ப்யூட்டர். வைஃபை, ஆப், கால அட்டவணை, குரல் கட்டளை எல்லாம் அதில் உண்டு. 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் வந்த விதிகளின்படி, வீட்டில் புதிதாக எரிவாயு பாய்லர் பொருத்தினால் நேரத்தையும் வெப்ப நிலையையும் கட்டுப்படுத்தும் வசதி கட்டாயம். காம்பி எனப்படும், தனித் தொட்டி இல்லாமல் குழாயில் உடனே வெந்நீர் தரும் பாய்லர் என்றால், கூடுதலாக இன்னொரு சிக்கன வசதியும் வேண்டும். அதற்கு அனுமதிக்கப்பட்ட நான்கு வழிகளில் ஸ்மார்ட் கட்டுப்பாடும் ஒன்று. ஆக, பாய்லருக்குக் கட்டளை இடுபவர்களின் எண்ணிக்கை கூடிக் கொண்டே போகிறது. யார் எப்போது கட்டளை இட்டார் என்ற கணக்கு மட்டும் கூடவில்லை.

செலவைப் பொறுத்தவரை இது சிறிய விஷயம் அல்ல. 2021 அக்டோபரில் சராசரிக் குடும்பம் ஒன்றின் எரிவாயு, மின்சாரச் செலவுக்கு இருந்த உச்ச வரம்பு ஆண்டுக்கு 1,277 பவுண்ட். 2022 அக்டோபரில் அரசு தலையிட்டுக் குறைத்த பிறகும் அது 2,500 பவுண்ட் ஆனது. அந்தக் குளிர்காலத்தில் நடுராத்திரி எரியும் பாய்லரின் சத்தம் பலரது தூக்கத்தைக் கெடுத்தது.

ஒரு வீட்டில் நடந்தது

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த வயதான தம்பதியர் இருக்கின்றனர். ஒரு ஜனவரி மாதம் அந்த ஐயா என்னை அழைத்தார். "தம்பி, சாமம் ரெண்டு மணிக்கு பொய்லர் தானா எரியுது. நாங்கள் ஒருத்தரும் கை வைக்கேல்லை. மகன் பூட்டித் தந்த புது மெசினிலை ஓஃப் எண்டுதான் கிடக்கு" என்றார். அவர் கண்டிருந்த தீர்வுதான் எனக்குக் கவலை தந்தது. "நான் இப்ப படுக்க முன்னம் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டுத்தான் படுக்கிறன்." அதாவது பாய்லருக்கு வரும் மின் இணைப்பையே இரவு முழுவதும் துண்டித்துவிடுகிறார். அவர் மனைவிக்கு ஆஸ்துமா. காலையில் படுக்கை அறை 13 டிகிரி. உலக சுகாதார நிறுவனம் 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குளிர் நாடுகளில் வீட்டின் உள்ளே குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருப்பது பாதுகாப்பானது எனக் கூறியுள்ளது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரும்பாலான நவீன பாய்லர்களில் உறைநிலைப் பாதுகாப்பு இருக்கும். உள்ளே தண்ணீர் சுமார் 5 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால், யாரும் கேட்காமலேயே பாய்லர் தன்னைக் காத்துக் கொள்ளக் கொஞ்ச நேரம் எரியும். மின்சாரத்தைத் துண்டித்தால் இந்தக் காவலும் போய்விடும்.

ஒரு சனிக்கிழமை நண்பகலில் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். பாய்லர் எரிந்து கொண்டிருந்தது. பகலில் எரிவதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. குளிருக்குத் தானே எரிகிறது என்று இருந்துவிட்டார்கள். அங்கு நான் கையாண்டது கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்கள் அனைவரும் அறிந்த முறைதான். சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்து, "நீயா சொன்னாய்?" என்று கேட்பது. அதனை இங்கு வரிசையாகத் தருகிறேன். குளிர் நாடுகளில் வாழும் வாசகர்களுக்கு நேரடியாகப் பயன்படும்.

படிப்படியாகத் தேடுவோம்

1. முதலில் எரிகிறதா எனப் பார்க்கவும். சத்தம் கேட்டால் எரிகிறது என்று பொருள் அல்ல. தீ அணைந்த பின்னும் உள்ளே மிஞ்சிய சூட்டை வெளியேற்ற பம்ப் சில நிமிடங்கள் ஓடும். இது இயல்பு. முகப்பில் தீச்சுடர் குறி தெரிகிறதா எனக் கவனிக்கவும்.

2. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கவும். பாய்லர் எரிகிறது, ஆனால் ரேடியேட்டர்கள் குளிர்ந்தே இருக்கின்றன என்றால், அது வீட்டைச் சூடாக்கவில்லை. காம்பி வகையில், குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் வர வேண்டும் என்பதற்காகச் சிறிதளவு நீரைச் சூடாகவே வைத்திருக்கும் வசதி பல மாடல்களில் உண்டு. கோடையிலும் அவ்வப்போது சில நொடிகள் எரிவதற்கு இதுவே காரணம். வேண்டாம் எனில் ஈகோ நிலைக்கு மாற்றிடலாம்.

3. ரேடியேட்டரும் சூடாக இருந்தால், தெர்மோஸ்டாட்டை 5 டிகிரிக்கு இறக்கவும். ஓரிரு நிமிடத்தில் தீ அணைந்தால், கட்டளை இட்டது தெர்மோஸ்டாட்தான். அட்டவணையைப் பாருங்கள். "முன்கூட்டியே தொடங்கு" என்ற வசதி இயக்கத்தில் உள்ளதா எனப் பாருங்கள். காலை 6.30க்கு 20 டிகிரி வேண்டும் என்று நீங்கள் அமைத்திருந்தால், அந்த நேரத்திற்குள் அறையைச் சூடாக்கிவிட வேண்டும் என்று அது 5 மணிக்கே தொடங்கலாம். ஃபோன் இருக்கும் இடத்தை வைத்து இயக்கும் வசதி, குடும்பத்தில் வேறு யாரிடம் இந்த ஆப் உள்ளது, குரல் உதவியாளரில் பதிந்து வைத்த பழைய கட்டளைகள் ஆகியவற்றையும் பார்த்துவிடவும். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று இங்கு கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். தானாக மாறாத டைமர்கள் ஒரு மணி நேரம் பிசகும்.

4. தெர்மோஸ்டாட்டை இறக்கியும் அணையவில்லையா? அடுத்தது ரிசீவர். வயர்லெஸ் தெர்மோஸ்டாட்டின் கட்டளையைப் பெற்று பாய்லருக்குத் தரும் பெட்டி இது. அதில் உள்ள விளக்கு, வெப்பம் கேட்கப்படுகிறதா எனக் காட்டும். தெர்மோஸ்டாட் "வேண்டாம்" என்கிறது, ரிசீவர் "வேண்டும்" என்கிறது என்றால், பேட்டரி தீர்ந்திருக்கலாம். இரண்டுக்கும் இடையே தொடர்பு அறுந்திருக்கலாம். உள்ளே உள்ள ரிலே ஒட்டிக் கொண்டிருக்கலாம். ரிசீவரிலேயே கையால் இயக்கும் பட்டன் உண்டு. தூசி துடைக்கும்போது யாராவது அழுத்தி இருக்கலாம்.

5. ரிசீவரும் "வேண்டாம்" என்கிறது. பாய்லர் மட்டும் எரிகிறதா? வெந்நீர்த் தொட்டி தனியாக உள்ள வீடுகளில் சந்தேகிக்க வேண்டியது மோட்டார் வால்வு. வால்வு முழுதாகத் திறந்ததும் அதன் உள்ளே ஒரு மைக்ரோ சுவிட்ச் இணைந்து, ஆரஞ்சு நிற வயர் வழியாக பாய்லருக்கு "எரி" என்ற கட்டளை போகும். வால்வு திரும்பி மூடாமல் சிக்கிக் கொண்டாலோ, அந்தச் சுவிட்ச் ஒட்டிக் கொண்டாலோ, கேட்பார் யாரும் இல்லாமலே பாய்லர் எரியும். இதனைச் சரி செய்வது தெரிந்தவர் வேலை. அதில் ஓடுவது 230 வோல்ட்.

இந்த ஐந்தையும் எந்த மூடியையும் கழற்றாமல் பார்த்திடலாம். பாய்லரின் உறைக்குள் கை வைக்காதீர்கள். பிரிட்டனில் கேஸ் சேஃப் பதிவு பெற்றவர்தான் எரிவாயு வேலையைத் தொழிலாகச் செய்யலாம். 2009 ஏப்ரல் 1 முதல் இந்தப் பதிவு நடைமுறையில் உள்ளது. வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் இருக்கட்டும்.

விடை எங்கே இருந்தது?

ஐயாவின் வீட்டில் தெர்மோஸ்டாட்டை இறக்கினேன், ரிசீவர் விளக்கு அணைந்தே இருந்தது, பாய்லர் எரிந்தது. அது காம்பி, மோட்டார் வால்வு கிடையாது. அப்படியானால் கட்டளை இடும் இன்னொருவர் இருந்தாக வேண்டும். பாய்லரிலிருந்து வரும் வயரைக் கண்ணால் தொடர்ந்து சென்றேன். சமையலறை அலமாரியின் பின்பக்கம், மாவுப் பொதிகளுக்குப் பின்னே, ஒரு பழைய டைமர் சுவரில் இருந்தது. புதியதைப் பொருத்தியவர் பழையதைக் கழற்றாமல் விட்டுவிட்டார். இரண்டும் ஒரே இணைப்பில், பக்கம் பக்கமாக. எது கேட்டாலும் பாய்லர் எரியும்.

இவ்வளவு நாள் தொல்லை தராத அது இப்போது ஏன் தந்தது? சில நாட்களுக்கு முன் அதிகாலையில் மின்தடை வந்திருக்கிறது. டைமரின் உள்ளே இருந்த பேட்டரி செத்துப் போயிருந்ததால், "ஆஃப்" என்ற நிலையும் நேரமும் அழிந்து, தயாரிப்பின்போது பதிந்த அமைப்புக்குத் திரும்பிவிட்டது. காலை 7.30க்கும் மாலை 5 மணிக்கும் எரி என்பது அந்த அமைப்பு. கடிகாரமோ 12 மணியிலிருந்து ஓடத் தொடங்கி, உண்மை நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருந்தது. அதன் காலை 7.30 நமக்கு இரவு 2 மணி. அதன் மாலை 5 மணி நமக்குப் பகல் 11.30. "அப்ப உது ஊர் நேரத்திலை ஓடியிருக்கு" என்று ஐயா சிரித்தார். டைமரை ஆஃப் செய்தவுடன் பாய்லர் அணைந்தது. பிறகு பதிவு பெற்ற ஒருவரை வரவழைத்து அந்த டைமரின் இணைப்பையே நீக்கிவிட்டார்கள்.

கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அவர்கள் குளிரில் படுத்தது ஒன்பது இரவுகள்.

என் கோரிக்கை

அந்த ஒன்பது இரவுகளுக்குத் தேவை இல்லை. பாய்லரின் திரையில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் போதும்: "இரவு 2.00. வெளி இணைப்பு கேட்டது. எரிந்தேன்." ரிசீவரில் ஒரு வரி: "இரவு 2.00. நான் கேட்கவில்லை." இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதைப் பள்ளி மாணவன்கூடச் சொல்லிவிடுவான்.

இதற்கு மறுப்பாகச் சிலர் சொல்வதை அறிவேன். "பாய்லருக்குத் தெரிவது சுவிட்ச் இணைந்ததா இல்லையா என்பது மட்டுமே, யார் இணைத்தார் என அதற்கு எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி. ஆனால் தான் எரிந்தது வெளியில் இருந்து வந்த கட்டளைக்கா, குழாய் திறந்ததற்கா, உறைநிலைப் பாதுகாப்புக்கா, வெந்நீரைத் தயாராக வைப்பதற்கா என்பது அதற்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததை எழுதினால் போதும். இன்றைய பாய்லர்கள் பலவும் பழுது ஏற்பட்டால் அதற்கான குறியீட்டை நினைவில் வைத்துக் கொள்கின்றன. பழுதை எழுதும் கருவி, எரிந்த காரணத்தையும் எழுதலாமே!

"செலவு கூடும்" என்பது அடுத்த வாதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நேரம், காரணம், வெப்ப நிலை ஆகிய மூன்றையும் 16 பைட்டில் அடக்கலாம். ஆயிரம் பதிவுகளுக்கு 16 கிலோபைட். நாம் நண்பர்களுக்கு அனுப்பும் ஒரு காலை வணக்கப் படம் இதைவிடப் பெரியது.

"மக்களுக்கு இதெல்லாம் வேண்டாம், எளிமையாக இருக்க வேண்டும்" என்பது மூன்றாவது. விண்டோஸில் ஈவென்ட் வியூவர் இருப்பதால் யாருக்காவது தொல்லையா? வேண்டாதவர் திறப்பதில்லை. வேண்டிய நாளில் அது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஆப்பில்தான் எல்லாம் இருக்கிறதே" என்பவர்களும் உண்டு. எத்தனை மணி நேரம் எரிந்தது என்பதைச் சில ஆப்கள் வரைபடமாகக் காட்டுகின்றன. காரணத்தைக் காட்டுபவையும் உண்டு. ஆனால் ஆப்பை நம்பி இருக்கும் பதிவு, கம்பெனி விரும்பும் வரைதான் நமக்குக் கிடைக்கும். 2025 அக்டோபர் 25 அன்று கூகுள் தன் நெஸ்ட் தெர்மோஸ்டாட்டின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கான ஆதரவை நிறுத்தியது. சுவரில் அவை தொடர்ந்து வேலை செய்கின்றன. ஆப்பில் இருந்து இயக்கும் வசதி போய்விட்டது. அதே நெஸ்ட்டில் 2015 டிசம்பரில் அனுப்பப்பட்ட ஒரு சாஃப்ட்வேர் அப்டேட், 2016 ஜனவரியில் பல வீடுகளில் தெர்மோஸ்டாட்டின் பேட்டரியைத் தீர்த்து, வீட்டைக் குளிர வைத்தது. விழித்து எழுந்தவர்களுக்குக் காரணம் தெரியவில்லை. எனவே பதிவு கருவியிலேயே இருக்க வேண்டும். இணையம் இல்லாத நாளிலும் படிக்க முடிய வேண்டும் என்கிறேன்.

சட்டத்தால் இதனைச் செய்ய முடியாதா? முடியும் என்பதற்கு முன்மாதிரி உண்டு. இணையத்தில் இணையும் வீட்டுக் கருவிகளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட் கூடாது, பாதுகாப்பு அப்டேட் எவ்வளவு காலம் தரப்படும் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற விதிகள் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்தன.  தீ மூட்டும் கருவி தன் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்று இன்னொரு வரி சேர்ப்பது பெரிய காரியம் அல்ல.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை தெர்மோஸ்டாட்டோ பாய்லரோ வாங்கும்போது விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எப்போது, எதனால் இயங்கியது என்பதை நான் எங்கே பார்க்கலாம்? இணையம் இல்லாவிட்டால் பார்க்க முடியுமா? கம்பெனி ஆதரவை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? பொருத்த வருபவரிடம் நான்காவதாக ஒன்று: பழையதைக் கழற்றிவிட்டீர்களா? நம் ஊரில் வைஃபை கீசரும் ஏசியும் வாங்குபவர்களும் முதல் மூன்றையும் கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் விற்பவர் முழிப்பார். ஆயிரம் பேர் கேட்டால் தயாரிப்பவர் எழுதத் தொடங்குவார்.

அதுவரை ஒரு பேனாவும் தாளும் போதும். பாய்லர் காரணமின்றி எரிந்தால் நேரத்தைக் குறித்து வையுங்கள். மூன்று நாள் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால், ஒரே நேரத்தில் எரிகிறதா, குளிர் கூடும்போது எரிகிறதா, கணக்கே இல்லாமல் எரிகிறதா எனத் தெரியும். முதலாவது என்றால் எங்கோ ஒரு கடிகாரம். இரண்டாவது என்றால் உறைநிலைப் பாதுகாப்பு. மூன்றாவது என்றால் ரிலேயோ வால்வோ என்று சந்தேகிக்கலாம். வரும் மெக்கானிக்கிடம் அந்தத் தாளைக் கொடுங்கள். அவரது வேலையில் பாதி முடிந்துவிடும்.